சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கே ஆட்டம் தொடங்கிவிடுகிறது

பிள்ளையை அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க அனுப்பிய வீடுகள் புதுச்சேரியிலும் கடலூரிலும் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். செப்டம்பர் பிறந்ததும் அந்த வீடுகளுக்கு ஒரு போன் வரும். "அப்பா, சனிக்கிழமை எங்க யுனிவர்சிட்டி மேட்ச், நூன் கிக்ஆஃப், கண்டிப்பா பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். அங்கே நூன் என்றால் இங்கே எத்தனை மணி, அந்த அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் எதைப் பார்த்தால் புரியும், ராத்திரி முழுக்க உட்கார வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஆசையாக உட்காருகிறவர்களில் பாதிப் பேர் முதல் கால் மணி நேரத்திலேயே தூங்கப் போய்விடுகிறார்கள். குறை ஆட்டத்தில் இல்லை, தயாரிப்பில்தான் இருக்கிறது.

ஃபுட்பால் என்றால் நமக்கு உப்பளம் மைதானத்தில் காலால் ஆடுவது. இது வேறு: பந்து நீள்முட்டை வடிவம், கையில் அணைத்துக்கொண்டு ஓடலாம், வீசலாம். ஆனால் 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடிய முதல் கல்லூரி ஆட்டம் நம் ஃபுட்பாலுக்குத்தான் பக்கத்தில் இருந்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, பக்கத்துக்கு 25 பேர். ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. இன்றைய வடிவம் அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

முதலில் நேரக் கணக்கு. அமெரிக்க டிவி எப்போதும் கிழக்குக் கரை நேரத்தைத்தான் சொல்லும். செப்டம்பர், அக்டோபரில் அதோடு ஒன்பதரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பகல் 12 மணி ஆட்டம் நமக்குச் சனிக்கிழமை ராத்திரி 9:30. பிற்பகல் 3:30 ஆட்டம் ராத்திரி 1 மணி. மாலை 7:30 ஆட்டம் ஞாயிறு விடியற்காலை 5 மணி. மேற்குக் கரைக் கல்லூரிகள் சில சமயம் கிழக்கு நேரம் ராத்திரி 10:30க்கு ஆடும், அது நமக்கு ஞாயிறு காலை 8 மணி, இட்லி வேகும் நேரம். ஓர் ஆட்டம் சுமார் மூன்றரை மணி நேரம் ஓடும். ஒன்பதரை ஆட்டம் முடிகிற சமயம் ஒரு மணி ஆட்டம் தொடங்கும், அது முடிந்து அரை மணி நேரத்தில் ஐந்து மணி ஆட்டம்.

இதில் சறுக்குகிற இடம் மூன்று. ஒன்று, நவம்பர் முதல் ஞாயிறு. அன்று அதிகாலை அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை முதல் கூட்ட வேண்டியது பத்தரை மணி நேரம்: 9:30 ஆட்டம் 10:30 ஆகும், 1 மணி 2 ஆகும், 5 மணி 6 ஆகும். போன வாரம் போலவே அலாரம் வைத்தவர்கள் ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரண்டாவது, பிள்ளை டெக்சாஸிலோ விஸ்கான்சினிலோ இருந்தால் "காலை 11 மணி மேட்ச்" என்று அந்த ஊர் நேரத்தைச் சொல்லும். அது கிழக்கு நேரம் 12தான். எந்த நேரம் என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, கிழமை. ராத்திரி 1 மணி ஆட்டம் நம் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை. போனில் சனிக்கிழமை 1 மணிக்கு என்று போட்டுவிட்டு ஒரு நாள் முன்னதாகவே எழுந்து உட்காருகிறவர்கள் உண்டு.

சீசன் அட்டவணையில் பல ஆட்டங்களுக்கு நேரமே இருக்காது. பெரும்பாலும் 12 நாள் முன்னால், சில சமயம் 6 நாள் முன்னால்தான் டிவி நிறுவனங்கள் நேரத்தை முடிவு செய்யும். அதனால் ஆகஸ்டில் குறித்து வைத்த நேரத்தை நம்ப வேண்டாம். அந்த வாரத் திங்கட்கிழமை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் 6:30க்கு (நவம்பரில் 7:30க்கு) இ.எஸ்.பி.என். விளையாட்டு டிவியின் காலேஜ் கேம்டே நிகழ்ச்சி தொடங்கும். 1987இல் ஸ்டூடியோவில் ஆரம்பித்தது. இப்போது ஒவ்வொரு வாரமும் ஒரு கல்லூரி வளாகத்துக்கே போய், மாணவர் கூட்டத்தை முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு பேசுகிறார்கள். அந்த மூன்று மணி நேரம் நமக்குக் கிடைத்த பாட வகுப்பு. எந்த அணிக்கு யார் காயம், எந்தப் பையன் புது குவார்ட்டர்பேக் (பந்தை வீசி அணியை நடத்துகிறவன்), எந்த ஊரில் மழை, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கூட்டத்தில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கொடி ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் கல்லூரி ஆடாத வாரத்திலும், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஊரிலும், 2003 முதல் பழைய மாணவர்கள் கைமாற்றி கைமாற்றிக் கொண்டுபோய்ப் பிடிக்கிறார்கள். அணிச் சின்னமான பொம்மையின் தலையை மாட்டிக்கொண்டு யார் ஜெயிப்பார் என்று சொல்லும் வழக்கத்தை 1996இல் அந்த நிகழ்ச்சியில் பேசிவந்த லீ கோர்சோ தொடங்கினார். 2025 ஆகஸ்ட் 30 அன்று ஒஹாயோ ஸ்டேட் வளாகத்தில் கடைசியாக ஒருமுறை மாட்டிக்கொண்டு விடைபெற்றார்.

இனி ஆட்டம். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கஷ்டமே இல்லை. ஸ்கோர்போர்டில் ஓரமாக வரும் ஒரே ஒரு வரியைப் படிக்கத் தெரிந்தால் போதும். "3வது & 7" என்று இருக்கும். 10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு 4 வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். 3வது & 7 என்றால் இது மூன்றாவது வாய்ப்பு, இன்னும் 7 யார்டு வேண்டும். கடைசி ஓவரில் இத்தனை பந்து, இத்தனை ரன் என்று கணக்குப் போடுகிற அதே மனக்கணக்கு. 10 யார்டு எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து 4 வாய்ப்பு. 10 யார்டு எவ்வளவு தூரம்? கிரிக்கெட் பிட்ச் 22 யார்டு. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு எல்லைக்கோட்டிலிருந்து மறு எல்லைக்கோடு வரை மைதானம் 100 யார்டு, பிட்ச் நாலரையை வரிசையாகப் போட்ட நீளம்.

நான்காவது டவுனில்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூன்று வழி இருக்கிறது. தூரம் அதிகம் என்றால் பந்தை ஓங்கி உதைத்து எதிரணியை அவர்கள் எல்லைப் பக்கம் தள்ளிவிடுவார்கள், அது பன்ட். மைதானத்தின் முனையில் நிற்கும் கம்பம் எட்டுகிற தூரம் என்றால் அதற்குள் உதைப்பார்கள், அது ஃபீல்டு கோல், 3 புள்ளி. துணிந்தால் மறுபடி ஓடியோ வீசியோ முயற்சி செய்யலாம். தவறினால் பந்து அதே இடத்தில் எதிரணிக்குப் போய்விடும். ஃபீல்டு கோல் தூரத்தை நீங்களே கணக்கிடலாம்: பந்து நிற்கும் யார்டு கோட்டோடு 17 கூட்டுங்கள். கம்பம் எல்லைக்கோட்டுக்கு 10 யார்டு பின்னால் நிற்கிறது, பந்தைப் பிடித்து வைப்பவர் 7 யார்டு பின்னால் மண்டியிடுகிறார். 30 யார்டு கோட்டில் பந்து இருந்தால் உதைக்க வேண்டியது 47 யார்டு. கல்லூரிப் பையன்களுக்கு 50 தாண்டினால் சந்தேகம்தான். இந்தக் கூட்டலைத் தெரிந்து வைத்திருப்பவருக்குக் கடைசி இரண்டு நிமிடம் முழுசாகப் புரியும்.

பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோனால் டச் டவுன், அதற்கு 6 புள்ளி, அதற்குப் பின் கம்பத்துக்குள் உதைத்தால் 1, உதைக்காமல் உள்ளே கொண்டுபோனால் 2. என்.எஃப்.எல். எனும் தொழில்முறை ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்களும் கல்லூரி ஆட்டத்தில் இரண்டு விஷயத்தில் ஏமாறுவார்கள். இங்கே எல்லைக்கோட்டுக்குள் ஒரு கால் பட்டால் பந்தைப் பிடித்ததாகக் கணக்கு, அங்கே இரண்டு காலும் பட வேண்டும். இங்கே பந்தோடு ஓடுகிறவன் தானாகத் தடுக்கி முழங்கால் தரையில் பட்டாலே அந்த முயற்சி அங்கே நிற்கும், யாரும் தொட்டிருக்க வேண்டியதில்லை. சமன் ஆனால் கூடுதல் நேரத்துக்குக் கடிகாரம் கிடையாது. ஆளுக்கு ஒருமுறை 25 யார்டு கோட்டிலிருந்து முயற்சி. மூன்றாவது சுற்றுக்கும் போய்விட்டால் இரண்டு புள்ளி முயற்சிகள் மட்டும் மாறி மாறி, பெனால்டி ஷூட் அவுட் மாதிரி.

சத்தத்தைக் கவனியுங்கள். சேப்பாக்கத்தில் நம் அணி பேட் பிடிக்கும்போது கத்துவோம். அங்கே நேர் எதிர். சொந்த அணியிடம் பந்து இருக்கும்போது ஒரு லட்சம் பேரும் அடங்கிவிடுவார்கள், எதிரணி பந்தை எடுத்ததும் காது கிழியும். காரணம் இருக்கிறது. குவார்ட்டர்பேக் கொடுக்கும் குரல் கேட்காவிட்டால் முன்வரிசை ஆள் ஒரு நொடி முன்னதாக அசைந்துவிடுவான், உடனே 5 யார்டு அபராதம். 3வது & 2 என்று இருந்தது 3வது & 7 ஆகிவிடும். கூட்டம் கத்தியே ஐந்து யார்டு பிடுங்கிவிடுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கத்தில் 1,07,601 இருக்கைகள், சேப்பாக்கம் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

கிக்ஆஃபுக்கு முந்தைய அரை மணி நேரத்தைத் தவற விட வேண்டாம். கம்பத்தின் உச்சியில் கட்டிய சின்ன ரிப்பனைப் பாருங்கள், காற்று எந்தப் பக்கம் என்று தெரியும். உதைக்கும் பையன் எந்த முனையில் தடுமாறுகிறான் என்று அப்போதே தெரிந்துவிடும். டாஸ் ஜெயித்தவர் பெரும்பாலும் பந்தை இப்போது வாங்காமல் இரண்டாம் பாதிக்குத் தள்ளிவைப்பார். முதல் பாதியின் கடைசியில் ஒரு டச் டவுன் போட்டு, இடைவேளை முடிந்ததும் பந்து மறுபடி தன்னிடமே வந்தால், எதிரணி நடுவில் தொடாமலே 14 புள்ளி எடுத்துவிடலாம். மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் போன்ற கல்லூரிகள் சேர்ந்த பிக் டென் கூட்டமைப்பு அணிகள் என்றால் யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்ற பட்டியல் ஆட்டத்துக்கு 2 மணி நேரம் முன்னால் வெளியாகும். நூன் ஆட்டத்துக்கு அது நமக்கு ராத்திரி 7:30.

வீட்டுத் தயாரிப்பில் நிறையப் பேர் கோட்டை விடுவது கரண்ட்டில். ஆட்டம் உச்சத்துக்கு வரும் அக்டோபர், நவம்பர்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பார்கள். ஆனால் பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் போயிருக்கும், டிவி பிளக் அதில் இருக்காது. டிவி வந்தாலும், ஹாலின் மூலையில் இருக்கும் ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் வேறு பிளக்கில் இருந்தால் படம் நின்றுவிடும். வெள்ளிக்கிழமையே மெயினை அணைத்து மூன்றும் எரிகிறதா என்று பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி கணக்குப்படி 1800 வாட் அவர். இழப்பு போக ஆயிரம், ஆயிரத்து இருநூறு தேறும். 43 அங்குல டிவிக்கு 100 வாட், பழைய ஃபேனுக்கு 75, பெட்டி, ரவுட்டர், ஒரு பல்பு சேர்ந்து 30 என்று வைத்தால் சுமார் 200 வாட். நல்ல பேட்டரி 5 மணி நேரம் தாங்கும். நாலு வருஷம் ஆன பேட்டரி அதில் பாதி தாங்கினால் பெரிது. டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பார்த்துவிடுங்கள்.

தெருவே இருண்டால் கேபிள்காரரின் பெட்டியும் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும். அப்போது போன் ஹாட்ஸ்பாட்தான். நல்ல தெளிவில் மணிக்கு 2 முதல் 3 ஜிபி போகும். தினசரி 2 ஜிபி பேக் ஒரு மணி நேரத்துக்கு மேல் வராது. 480க்கு இறக்கினால் மணிக்கு முக்கால் ஜிபி போதும். இதில் ஒரு வசதி: தினசரி டேட்டா நள்ளிரவு 12க்குப் புதுப்பிக்கும். ஒன்பதரை ஆட்டத்துக்கு இரண்டு நாள் கணக்கும் சேர்ந்து உதவும்.

நேரலை என்று பெயர்தான், இணையத்தில் வருவது அரை நிமிடம், ஒரு நிமிடம் பின்தங்கித்தான் வரும். அரங்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை குடும்ப வாட்ஸ்அப்பில் "டச் டவுன்ன்ன்" என்று போட்டுவிடும், நம் திரையில் பந்தை இன்னும் எடுத்தே இருக்கமாட்டார்கள். ஆட்டம் முடியும்வரை குரூப்பை மியூட்டில் போடுங்கள்.

சாப்பாட்டில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் ஆட்ட நாளென்றால் காலையிலேயே வாகன நிறுத்தத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து இறைச்சி சுடுவார்கள், டெயில்கேட் என்பார்கள். நமக்கு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை புரட்டாசி, அதுவும் சனிக்கிழமை. அந்த நாலைந்து வாரமும் சைவம்தான். சுண்டல் சரியாகப் பொருந்தும், ஆறினாலும் கெடாது. பஜ்ஜி போடுவதென்றால் ஒரேயடியாகப் போட்டு வைக்காதீர்கள், பத்தரைக்குள் நமுத்துப்போகும். கல்லூரி ஆட்டத்தில் இடைவேளை 20 நிமிடம், நம் நேரம் பதினொன்றையொட்டி வரும். எட்டுப் பேருக்குக் கால் கிலோ கடலை மாவு, இரண்டு கைப்பிடி அரிசி மாவு, மிளகாய்த் தூள், பெருங்காயம், உப்பு போட்டு முன்னதாகவே கரைத்து வைக்கலாம். சோடா உப்பை மட்டும் அப்போது போடாதீர்கள். முன்கூட்டியே போட்டால் காற்று எல்லாம் போய்விடும், பஜ்ஜி உப்பாது. எண்ணெயை இரண்டாம் கால் பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் அடுப்பில் வைத்து, வாத்தியக் குழு மைதானத்துக்குள் வரும்போது ஒரு சிட்டிகை சோடாவைக் கலக்கினால் மூன்று ஈடு எடுத்துவிடலாம். ஆனால் அந்த வாத்தியக் குழுவை ஒருவராவது உட்கார்ந்து பாருங்கள். நூற்றுக்கணக்கான மாணவர்கள் நடந்துகொண்டே வாசிப்பார்கள், கால் ஒன்று பிசகாது.

ஐப்பசி பிறந்துவிட்டால் மீன்தான். ஐந்து மணி ஆட்டத்துக்கு விழித்திருப்பவர்கள் நடுவில் கிடைக்கும் அரை மணியில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு நடை போய் வரலாம். காலை ஏழரை வரை அங்கே வண்டிகள் கிடையாது.

பிள்ளை முதல்முறையாக அரங்கத்துக்குப் போகிறதென்றால் நீங்கள் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பெரும்பாலான அரங்கங்களில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் கொண்டுபோகலாம், 12-க்கு 6-க்கு 12 அங்குலம். கல்லூரிக்கு எடுத்துப் போகும் முதுகுப் பை வாசலிலேயே நின்றுவிடும். டிக்கெட் போனில்தான், அதை அறையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு லட்சம் போன் ஒரே இடத்தில் சேர்ந்தால் வாசலில் நெட் கிடைக்காது. சட்டை நிறத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். மிச்சிகனோடு ஆட்டம் வருகிற வாரம் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்தில் பெயர்ப்பலகைகளில் இருக்கும் 'எம்' எழுத்துகளுக்கெல்லாம் சிவப்பு நாடா ஒட்டி அடித்துவிடுவார்கள். அந்த ஊரில் அந்த வாரம் நீலமும் மஞ்சளும் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது.

குறித்த நேரத்துக்கு ஆட்டம் வராமலும் போகும். செப்டம்பரில் இடி மின்னல் அதிகம். சுமார் 8 மைலுக்குள் மின்னல் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தி அரங்கத்தைக் காலி செய்வார்கள். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் கணக்கு. நடுவில் இன்னொன்று விழுந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இரண்டு மணி நேரம் தள்ளிப்போவது சாதாரணம். அந்த நேரத்தில் அலாரம் வைத்துக்கொண்டு கொஞ்சம் தூங்கிவிடுவது நல்லது.

நம் பக்கமும் வானம் விடுவதில்லை. 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஒஹாயோ ஸ்டேட்–மிச்சிகன் ஆட்டம் நமக்கு ராத்திரி பத்தரைக்கு. அதே நேரத்தில்தான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்துகொண்டிருந்தது. ஊரில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அங்கே யாரும் எதிர்பார்க்காமல் மிச்சிகன் 13-10 என்று ஜெயித்தது. தோற்ற ஒஹாயோ ஸ்டேட்தான் அந்த ஆண்டு புதிதாக 12 அணிகளுக்கு விரித்த பிளேஆஃபில் நுழைந்து, 2025 ஜனவரி 20 அன்று நோட்ர டேமை 34-23 என்று வென்று பட்டத்தை எடுத்தது. கரண்ட் இல்லாமல் அந்த ராத்திரி ஆட்டத்தைத் தவற விட்டவர்கள் முழுப் பதிவைத் தேடிப் பார்க்கலாம். முடிவு தெரிந்தும் சலிக்காத ஆட்டம் அது.

பிள்ளை எந்தக் கல்லூரியில் படித்தாலும் இரண்டு ஆட்டங்களை ஒருமுறையாவது பாருங்கள். ஒன்று, அயோவா பல்கலைக்கழகத்தின் சொந்த ஊர் ஆட்டம் ஏதாவது ஒன்று. முதல் கால் பகுதி முடிந்ததும் அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேரும், இரு அணி ஆட்டக்காரர்களும் நடுவர்களும் சேர்ந்து, பக்கத்தில் உயர்ந்து நிற்கும் குழந்தைகள் மருத்துவமனையைப் பார்த்துத் திரும்பிக் கையசைப்பார்கள். மேல் மாடிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகள் திருப்பிக் கையசைப்பார்கள். 2017இல் தொடங்கிய வழக்கம். நூன் ஆட்டம் என்றால் நமக்கு ராத்திரி பத்தேகாலை ஒட்டி வரும், நவம்பரில் பதினொன்றேகாலுக்கு. அந்த நேரத்தில் அடுப்படிக்குப் போகாதீர்கள்.

மற்றது டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை, ராணுவக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் 1890 முதல் ஆடும் ஆட்டம். கிழக்கு நேரம் 3 மணிக்கு என்றால் நமக்கு ராத்திரி 1:30. சீசன் கடைசியில் அன்று வேறு பெரிய ஆட்டம் பெரும்பாலும் இருக்காது. கடைசி விசில் அடித்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள். முதலில் இரு அணிகளும் தோற்ற கல்லூரியின் மாணவர்கள் முன்னால் போய் நின்று அவர்களுடைய பாட்டைக் கேட்கும். பிறகு ஜெயித்தவர்கள் பக்கம் நடந்துபோய் அவர்கள் பாட்டு. இரண்டும் முடிய ஐந்து மணி ஆகிவிடும்.